பிக்கப்பின் பின்பக்கம் ஏன் உட்காருகிறது? – ஸ்பிரிங் மட்டம் பார்க்கும் பாடம்

ஆடித் திருவிழா முடிந்த வாரம் நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பட்டறைகளுக்கு வரும் பிக்கப்புகளில் பலவும் ஒரே புகாரோடு வரும். "அண்ணே, பின்னாடி உட்காந்துருச்சு. கொஞ்சம் தூக்கி விடுங்க." திருவிழாவுக்கு முந்திய வாரம் வருகிற தம்பிகளும் அதையேதான் கேட்பார்கள். காரணம் மட்டும் வேறு. "சாமி வர்ற வண்டிண்ணே, நல்லா ஒசரமா கெத்தா இருக்கணும்." இரண்டு பேரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு உட்காந்துருக்கு? மில்லிமீட்டர்ல சொல்லு." பதில் வராது. ஒருவர் கையை விரித்துக் காட்டுவார், இன்னொருவர் டயரைக் காட்டுவார்.

அளக்காமல் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 5ஆம் கூட்டரசுச் சாலையில் இரவு எட்டு மணிக்கு மேல் மோட்டாரில் போய்ப் பாருங்கள். ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார் என்று சபாக் பெர்ணம் வரை போகிற அந்தச் சாலையில், எதிரே வரும் பிக்கப் ஒன்றின் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். "ஹைபீம் போட்டுட்டு வர்றான் பாரு" என்று திட்டுவோம். பல நேரங்களில் அவன் லோபீம்தான் போட்டிருப்பான். பின்பக்கம் உட்கார்ந்ததால் மூக்கு மேலே தூக்கியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய ஹைலக்ஸ் டபுள் கேப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் 3,085 மில்லிமீட்டர். பின்பக்கம் 60 மில்லிமீட்டர் இறங்குகிறது, முன்பக்கம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 3,085ஆல் வகுத்து, 50 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 0.97 மீட்டர். அதாவது 50 மீட்டருக்கு அப்பால் உங்கள் விளக்கின் ஒளி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர்ந்து போய் விழுகிறது. அங்கே வருகிறவர் மில்லில் வேலை முடித்துக் கப்சாயில் வீட்டுக்குத் திரும்புகிற நம் அண்ணனாக இருக்கலாம், டியூஷனிலிருந்து தங்கையை ஏற்றிக்கொண்டு வருகிற அப்பாவாகவும் இருக்கலாம். ஸ்பிரிங்கின் மட்டம் என்பது அழகு விஷயம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

காலியாக நிற்கும் பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வருகிறது. சுமை ஏறினால் இறங்கி மட்டத்துக்கு வரவேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே "மட்டம்" என்றால் காலி வண்டியின் மட்டம் அல்ல; நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற சுமையோடு நிற்கும்போது உள்ள மட்டம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

அளப்பது

முதலில் தரை. தோட்டத்துச் செம்மண் தரையில் அளந்தால் எந்த எண்ணும் நம்பத்தக்கதாக இராது. நம் பக்கம் கரி மண், களிமண் இரண்டும் உண்டு. போட்ட தார்ச்சாலையே அலை அலையாக இறங்கிக் கிடக்கிறது. தமிழ்ப்பள்ளியின் பூப்பந்து மைதானம், பாலாய் ராயாவின் சிமெண்டு வாசல் இவை பரவாயில்லை. மட்டம்தானா என்று சந்தேகம் இருந்தால், வீடு கட்டுகிறவர்கள் செய்வதுபோல் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்துப் பார்த்துவிடலாம்.

வண்டியின் பின்தட்டைக் காலி செய்யுங்கள். நான்கு டயரிலும் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிற அளவுக்கு வையுங்கள். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, பின்பக்கத்தை இரண்டு மூன்று தரம் அழுத்தி விடுங்கள். புஷ்களில் இறுகிக் கிடக்கும் முறுக்கு தளர்ந்து, ஸ்பிரிங் தன் உண்மையான இடத்துக்கு வரும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். சக்கர மையத்திலிருந்து அளந்தால் ஸ்பிரிங் மட்டும் பேசும்.

இடது வலது வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 20ஐத் தாண்டினால் ஏதோ ஒரு பக்கத்தில் பட்டை முறிந்திருக்கிறது, புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது சேசிஸே வளைந்திருக்கிறது என்று தேட ஆரம்பிப்பேன்.

இப்போது தெரிந்த எடை ஒன்றை ஏற்றுங்கள். 50 கிலோ உர மூட்டை ஆறு கிடைத்தால் 300 கிலோ. அவற்றைப் பின் அச்சுக்கு நேர் மேலே வருமாறு அடுக்குங்கள். மறுபடி அளங்கள். காலியாக இருந்தபோது 545, இப்போது 485 என்று வந்தால் 60 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. 300 கிலோவை இரண்டு பக்கமும் பங்கு போட்டால் பக்கத்துக்கு 150. அதை 60ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர் இறங்க 2.5 கிலோ வேண்டும் என்று தெரிகிறது. இதுதான் உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்பு. சுமையும் இறக்கமும் ஒரே விகிதத்தில் போகும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியைப் பள்ளி இயற்பியலில் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட அந்த விதி இங்கேதான் வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: பல பிக்கப்புகளில் அடியில் தடித்த ஹெல்பர் பட்டை ஒன்று தனியாக நிற்கும். சுமை கூடி மேல் பட்டைகள் அதில் உட்கார்ந்த பிறகு விறைப்பு ஒரேயடியாக ஏறும். அதனால் 300 கிலோவுக்குப் போட்ட கணக்கை 800 கிலோவுக்கு அப்படியே நீட்டாதீர்கள்.

எடை எங்கே இருக்கிறது?

நம் வட்டாரத்துக்கும் சுமைக்கும் பழைய உறவு. மலேசியாவில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது 1917இல், இங்கே பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து தென்னமாரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தமிழ் கேட்கும். பால்வாளி சுமந்த கைகள் பிறகு குலை சுமந்தன. நன்கு விளைந்த குலை ஒன்று 20 கிலோ என்று வைத்தால், 50 குலை ஏற்றியதும் ஒரு டன். பிக்கப்பை "ஒரு டன் வண்டி" என்கிறோமே, அந்த ஒரு டன்னில் டிரைவரும், உள்ளே உட்கார்ந்திருக்கிற நான்கு பேரும், பின்னால் மாட்டிய இரும்புக் கூண்டும் சேர்த்திதான். இதை நினைவில் வைப்பவர்கள் குறைவு.

திருவிழா வண்டிக்கு வருவோம். உள்ளே ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 350. பின்னால் 200 லிட்டர் தண்ணீர் டிரம், அது 200 கிலோ. ஜெனரேட்டர் 100. இரும்புச் சட்டம், பலகை, அலங்காரம், விளக்குச் சரம், ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் இன்னொரு 200. உற்சவர் இன்னும் ஏறவே இல்லை, 850 வந்துவிட்டது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், 475ஆம் குறளில், மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னதைப் பள்ளியில் மனனம் செய்திருப்பீர்கள். அவர் முறியும் என்று சொன்னது அச்சு. நம் வண்டியில் அச்சுக்கு முன்னே பட்டை படுத்துவிடும். எச்சரிக்கை முன்கூட்டியே கிடைக்கிறது, நாம்தான் அதைத் "தூக்கி" மறைக்கிறோம்.

எவ்வளவு எடை என்பதைப்போலவே எங்கே எடை என்பதும் முக்கியம். அந்த 200 கிலோ டிரம்மை வாலில், பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னே வைத்தால், பின் அச்சில் 200 அல்ல, 265 கிலோ ஏறுகிறது. மிச்சம் 65 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து. ஏற்றப்பலகை விளையாட்டு மாதிரி, வால் அமுங்க மூக்கு எழும்புகிறது. ஸ்டீயரிங் லேசாகிவிடும், மழையில் முன் டயர் பிடிக்காது. அதே டிரம்மைக் கேபினை ஒட்டி, அச்சுக்கு அரை மீட்டர் முன்னே வைத்தால் பின்னுக்கு 168, முன்னுக்கு 32. ஒரு சல்லிக் காசு செலவில்லாமல் பின்பக்கச் சுமை 97 கிலோ குறைந்துவிட்டது. நான் பார்த்த வரை, ஸ்பிரிங் மாற்ற வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு வேண்டியிருந்தது இந்த மாற்றம் மட்டுமே. "அதுக்கு நீங்க காசு வாங்கலியே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டான். தேநீர் வாங்கிக் கொடுத்தான், போதும்.

செம்பனை மில்லில் எடைமேடை உண்டு. தெரிந்தவர்கள் வழியாகக் கேட்டு, ஒருமுறை முன் சக்கரத்தை மட்டும், பிறகு பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஊகம் முடிந்தது.

எதைப் போடுவது?

பட்டையைப் போடும் முன் பட்டையைப் பாருங்கள். நடு போல்ட் அருகே விரிசல், பட்டைகளுக்கு நடுவே துரு, கட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம் காணாமல் போனது, ஷேக்கல் புஷ் செம்மண் தின்று ஓவலாகிப் போனது, ரப்பர் ஸ்டாப்பரில் அடிபட்ட தழும்பு. நடு போல்ட் முறிந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும்; இடது பக்கம் முன் மையம் முதல் பின் மையம் வரை, வலது பக்கமும் அப்படியே அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு கண்களுக்கும் நடுவே நூல் கட்டி, நூலுக்கும் பட்டையின் நடுவுக்கும் உள்ள உயரத்தைப் பார்த்தால் வளைவு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

பட்டை களைத்துப்போயிருந்தால் புதிய கட்டு மாற்றுவதே நேர்மையான வழி. பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைத்துத் தருவோர் இருக்கிறார்கள். ஸ்பிரிங் எஃகுக்குப் பதம் ஏற்றியிருக்கிறார்கள்; கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். சில மாதத்தில் மறுபடி படுக்கும், அல்லது முறியும். விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டுவது அதைவிட மோசம்.

பட்டை நல்லதாக இருந்து, உங்கள் வழக்கமான சுமைதான் அதிகம் என்றால் ஒரு பட்டை கூட்டலாம். இங்கே ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பட்டையின் விறைப்பு அதன் எண்ணிக்கையோடு நேராக ஏறும், தடிப்போடு மூன்று மடி ஏறும். 7 மில்லிமீட்டர்ப் பட்டை நான்கு உள்ள கட்டில் அதே தடிப்பில் ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு 25 விழுக்காடு கூடும், 2.5 என்பது 3.1 ஆகும். நான்கையும் 8 மில்லிமீட்டராக மாற்றினால்? எட்டின் மூன்று மடி 512, ஏழின் மூன்று மடி 343. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடியதற்கு 49 விழுக்காடு! "ஒரு மில்லிதானே" என்று தடித்த பட்டையை அள்ளிப் போடுகிறவர்களின் வண்டி, காலியாகச் செம்மண் ரோட்டில் போகும்போது ஆடு மாதிரித் துள்ளுவது இதனால்தான். துள்ளுகிற சக்கரம் தரையைப் பிடிக்காது, பிடிக்காத சக்கரத்துக்கு பிரேக் இல்லை.

அடுத்து, எல்லாரும் கேட்கிற பிளாக். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கிற இரும்புக் கட்டை. 50 மில்லிமீட்டர் பிளாக் வைத்தால் 50 மில்லிமீட்டர் உயரும், சந்தேகமில்லை. ஆனால் விறைப்பு துளியும் கூடாது. 300 கிலோவுக்கு 60 இறங்கின வண்டி இப்போதும் 60தான் இறங்கும். உயரத்திலிருந்து இறங்குவதால் கண்ணுக்கு நல்லா இருக்கும், அவ்வளவே. சில வண்டிகளில் ரப்பர் ஸ்டாப்பரும் அச்சை எட்டாமல் போய், பட்டை நிமிர்ந்து மறுபுறம் வளையும் வரை இறங்கிவிடும். பிளாக் மேல் பிளாக் அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும் செய்யவே கூடாதவை. நீளமான ஷேக்கல் மாட்டுகிறார்கள். 50 நீட்டினால் ஏறக்குறைய 25தான் உயரும், அச்சின் சாய்வும் மாறிப் புரொப்பெல்லர் ஷாஃப்டில் நடுக்கம் வரும். ஏர்பேக், எப்போதாவது மட்டும் சுமை ஏற்றுகிறவர்களுக்கு நல்லது, காலியாகப் போகும்போது காற்றை இறக்கிவிடலாம். ஆனால் ஏர்பேக் உயரத்தைத்தான் காப்பாற்றும். சேசிஸின் பலம், பிரேக்கின் பலம், டயரின் பலம் எதுவும் அதனால் கூடுவதில்லை. அளவுக்கு மீறி ஏற்றிக் காற்றடித்து மட்டமாக்கிய வண்டியில், ஏர்பேக் முட்டும் அந்த ஒரே இடத்தில் சேசிஸ் வளையலாம்.

நவாரா டபுள் கேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015க்குப் பிந்திய மாடலில் பின்னால் பட்டை இல்லை, சுருள் ஸ்பிரிங். அளக்கும் முறை அதேதான். பட்டைக் கணக்கு பொருந்தாது.

கையை வைக்கும்போது

முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சேசிஸுக்கு அடியில் இரண்டு ஜேக் ஸ்டாண்ட், கல்லும் செங்கல்லும் வேண்டாம். அச்சின் எடையை இன்னொரு ஜேக் தாங்கட்டும். ஜேக்கை மட்டும் நம்பி எந்த அவசரத்துக்கும் அடியில் தலையை விடாதீர்கள். முதல் தடவை என்றால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

அப்சோர்பரின் கீழ் போல்ட், பிறகு யூ போல்ட், பிறகு ஷேக்கல் என்று கழற்றுவோம். நடு போல்ட்டைக் கழற்றும்போது பட்டைக் கட்டு தெறித்து விரியும். கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு மெல்ல விடவேண்டும். மாட்டும்போது யூ போல்ட் புதியதாக இருக்கவேண்டும். இழுபட்ட பழைய போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த வண்டியின் மேனுவல் சொல்கிற டார்க் வரை இறுக்குங்கள். கண்ணில் போகிற போல்ட்டையும் ஷேக்கல் போல்ட்டையும் கடைசியாக, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்கவேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கியபடியே வாழும், சீக்கிரம் கிழியும். பட்டறைகளில் அவசரத்தில் அதிகம் விட்டுப்போகிற வேலை இது. பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

பின்பக்கம் உயர்ந்ததும் வேறு சிலவும் மாறியிருக்கும். பிரேக் குழாயும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடுகின்றனவா, அப்சோர்பர் நீளம் போதுமா என்று பாருங்கள். பழைய ஹைலக்ஸ் போன்ற பல வண்டிகளில் பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு மெல்லிய கம்பி ஒன்று போய் ஒரு பிரேக் வால்வில் முடியும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துச் சுமையைத் தெரிந்துகொண்டு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் விடலாம் என்று அந்த வால்வு தீர்மானிக்கிறது. பிளாக் வைத்துத் தூக்கிவிட்டால், முழுச் சுமையோடு போகும்போதும் "வண்டி காலி" என்றே அது நினைக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். வேலை முடிந்ததும் மேனுவலில் சொன்ன அளவுக்குக் கம்பியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முன்சக்கர அலைன்மெண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. வண்டியின் உயரத்தையும் அமைப்பையும் மாற்றுவது ஜேபிஜே ஒப்புதல் வேண்டிய காரியம். ஒப்புதல் இல்லாமல் விபத்தானால் காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும். வணிக வாகனமாகப் பதிந்தவர்களை புஸ்பாகோம் எப்படியும் பிடித்துவிடும்.

கடைசி வேலை இருட்டிய பிறகு. மட்டமான தரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோபீம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பைச் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள். வழக்கமான சுமையை ஏற்றி மறுபடி பாருங்கள். நான் மேலே சொன்ன 60 மில்லிமீட்டர் இறக்கத்துக்கு இங்கே 19 சென்டிமீட்டர் ஏறும். ஸ்டீயரிங் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல பிக்கப்புகளில் உண்டு. அதைத் திருப்பினால் ஒளி இறங்கும். எந்தச் சுமைக்கு எந்த எண் என்று பார்த்து, அளந்த எண்களோடு ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். தைப்பூசத்துக்கு லத்தார் நெடுஞ்சாலை வழியாகப் பத்துமலைக்குக் காவடிச் சாமான் ஏற்றிப் போகிற இரவில், வண்டியை ஓட்டுகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள், 500இல் இன்னொரு தரம்.